சொன்னது எங்கே தடம் மாறியது? கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

"தெளிவாகத்தானே சொன்னேன்" என்பார் ஒருவர். "அப்படிச் சொல்லவே இல்லையே" என்பார் மற்றவர். தகவல் தவறிப்போன இடத்தில் எல்லாம் முதலில் காதில் விழுவது இந்த இரண்டு வாக்கியங்கள்தாம். இரண்டுமே ஆளைத்தான் பிடிக்கின்றன. தகவல் தொடர்புக் கோட்பாடுகளைக் கற்றுக்கொள்வதில் உள்ள லாபமே, ஆளை விட்டுவிட்டுப் பழுது எந்த இடத்தில் என்று தேடும் பழக்கம் வருவதுதான். பாடப்புத்தகங்கள் இவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கும். தேர்வுக்கு அது போதும், வேலைக்கு உதவாது. பழுது எந்த வகை என்று முதலில் பார்த்து, அதற்கு உரியதை மட்டும் கையில் எடுங்கள்.

முதலில் வகை பிரியுங்கள்

கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய கட்டுரை தொலைபேசி, தந்தி போன்றவற்றின் பொறியியலுக்கானது. அனுப்புபவர், தடம், தடத்தில் புகும் இரைச்சல், பெறுபவர் என்று அது வரைந்த படம் பிற்பாடு எல்லாத் துறைகளுக்கும் போனது. மறு ஆண்டு அது நூலாக வந்தபோது, வாரன் வீவர் அதில் மூன்று கேள்விகளைப் பிரித்து வைத்தார். குறிகள் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தனவா? நினைத்த பொருள் போய்ச் சேர்ந்ததா? எதிர்பார்த்த செயல் நடந்ததா? பழுது பார்க்க இன்றும் இதைவிட நல்ல வரிசை கிடையாது.

நினைவை நம்பாமல், அனுப்பிய மெயிலையோ மெசேஜையோ திறந்து எதிரே வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய திரையில் உண்மையில் என்ன வந்தது என்று பாருங்கள். ஸ்பாமில் போயிருக்கலாம், குரூப்பில் நாற்பது மெசேஜுக்கு அடியில் புதைந்திருக்கலாம், இணைப்பு திறக்காமல் போயிருக்கலாம். வந்து சேர்ந்ததென்றால், "இதை வைத்து அடுத்து என்ன செய்வதாக இருந்தீர்கள்?" என்று கேளுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது" என்றுதான் பதில் வரும், அதனால் ஒன்றும் தெரியாது. பொருளும் சரியாகப் போயிருந்து, செயல் மட்டும் நடக்கவில்லை என்றால், சிக்கல் உறவிலோ அதிகாரத்திலோ இருக்கிறது.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலோர் நேராக மூன்றாவதற்குத் தாவி, "வேண்டுமென்றே செய்யவில்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். முதல் கேள்வியைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். மூன்றாவதில் தவறாக நுழைந்தால் மனக்கசப்பு மாதக்கணக்கில் நிற்கும்.

தடத்தில் பழுது

மொழியில் இயல்பாகவே கொஞ்சம் மிகை, அதாவது தேவைக்கு மேற்பட்ட குறிகள், உண்டு. ஒரு சொல்லில் ஓர் எழுத்து விழுந்துவிட்டாலும் படித்துவிடலாம். எண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஓர் இலக்கம் மாறினால் மாறியதே தெரியாது. எனவே எண் வரும் இடங்களில் மிகையை நாமே சேர்க்க வேண்டும். தேதியோடு கிழமையையும் எழுதுங்கள்: "14-ஆம் தேதி, வியாழக்கிழமை". இரண்டும் பொருந்தாவிட்டால் படிப்பவரே பிழையைப் பிடித்துவிடுவார். தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் கொடுங்கள். போனில் எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். "12 மணி" என்று மட்டும் எழுதினால் நண்பகலா நள்ளிரவா தெரியாது. "அடுத்த வெள்ளி" என்பதை எழுதவே எழுதாதீர்கள். அது எந்த வெள்ளி என்பதில் இருவர் ஒத்துப்போவது அபூர்வம்.

ஷானனின் படத்தில் அம்பு ஒரே திசையில்தான் போகும். மறுமொழி திரும்பி வந்து அனுப்பியதைத் திருத்த வேண்டும் என்ற கருத்தைப் பரவலாக்கியது நார்பர்ட் வீனர் அதே 1948-இல் வெளியிட்ட நூல். இந்தத் திரும்பும் அம்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு விமானத் துறையில் ஒரு கொடிய சான்று இருக்கிறது.

1977 மார்ச் 27, கேனரி தீவுகளில் டெனெரிஃப் விமான நிலையம். மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள்: ஒன்று நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனத்துடையது, மற்றது அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்துடையது. கேஎல்எம் விமானம் அனுமதி இல்லாமலே புறப்படும் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டது. அதன் துணை விமானி ரேடியோவில் சொன்னது ஏறக்குறைய "இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்" என்ற வாக்கியம். கட்டுப்பாட்டு அறை அதை, புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு "ஓகே" என்றது. சற்று இடைவெளி விட்டு, "காத்திருங்கள், நான் அழைக்கிறேன்" என்றது. அதே நொடியில் பான் ஆம் விமானம், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகப் பேசியது. இரண்டு ஒலிபரப்பும் மோதி, கேஎல்எம் காக்பிட்டில் கிறீச்சென்ற சத்தம் வந்தது. தெளிவாக விழுந்தது "ஓகே" மட்டும். அடுத்து வந்த பேச்சிலிருந்து சந்தேகப்பட்ட விமானப் பொறியாளர், அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். மூத்த கேப்டன் விலகிவிட்டதாக அழுத்தமாகச் சொல்லிவிட்டார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள்.

வீவரின் மூன்று தளங்களும் இதில் ஒன்றன்மேல் ஒன்றாக உடைந்திருப்பதைப் பாருங்கள்: மோதிய அலை, இரு பொருள் தந்த வாக்கியம், கேப்டனை மறுக்கத் தயங்கிய வாய். அதன்பிறகு விமானத் துறை விதிகளை இறுக்கியது. "டேக்-ஆஃப்" என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மற்ற நேரங்களில் வேறு சொல். கட்டளைக்கு வெறும் "ஓகே" பதிலாகாது. முக்கியப் பகுதியைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் இப்படிச் செய்தால் ஆட்கள் ஓடிவிடுவார்கள். நான்குக்கு மட்டும் செய்யுங்கள்: தேதி, தொகை, யார் பொறுப்பு, எந்தப் பதிப்பு. ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், முதலாமவர் அதைக் கவனித்துக் கேட்டு "ஆமாம்" என்று முடிக்க வேண்டும். மூன்றாவது படியைத்தான் பொதுவாக விட்டுவிடுகிறார்கள். திருப்பிச் சொன்னது தவறாக இருந்தும் கேட்க ஆளில்லை என்றால் மொத்தச் சடங்கும் வீண். சாட்டில் வரும் கட்டைவிரலுக்குப் "பார்த்தேன்" என்பதற்குமேல் பொருள் கொள்ளாதீர்கள்.

பொருளில் பழுது

1990-இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். ஒருவர் பலரும் அறிந்த பாட்டின் மெட்டை மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவருக்கு மனதுக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது. கேட்பவருக்கு வெறும் டொக் டொக். ஒரு திட்டத்தில் ஆறு மாதம் ஊறியவர், அதில் நேற்றுச் சேர்ந்தவருக்கு எழுதும் மெயிலும் இப்படித்தான் போய்ச் சேர்கிறது.

வில்பர் ஷ்ராம் 1954-இல் இதையே, இருவரின் அனுபவ வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் பகுதிக்குள்தான் பொருள் கடக்கும் என்று வரைந்து காட்டினார். எழுதி முடித்ததும் மூன்றைத் தேடி அடிக்கோடிடுங்கள்: சுருக்கெழுத்துகள், "அது / அந்த ஃபைல்" போன்ற சுட்டுகள், "முன்பே பேசியபடி" வகைத் தொடர்கள். ஒவ்வொன்றும் அவருடைய வட்டத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் விரித்து எழுதுங்கள்.

வாக்கியங்களைத் திருத்த பால் கிரைஸ் 1975-இல் வெளியிட்ட நான்கு நெறிகள் போதும். தேவையான அளவு சொல், உண்மை என்று ஆதாரம் உள்ளதைச் சொல், தொடர்புள்ளதைச் சொல், குழப்பமில்லாமல் வரிசையாகச் சொல். கேட்க எளிது. ஒரு மெசேஜில் வைத்துப் பார்ப்போம்:

"நேத்து பேசின விஷயம் கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிட்டா நல்லாயிருக்கும். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

நேற்று மூன்று விஷயம் பேசியிருந்தால் எது? "சீக்கிரம்" என்பது இன்றா, இந்த வாரமா? "நல்லாயிருக்கும்" என்பது உத்தரவா, ஆசையா? "மத்தது" எவை? அனுப்பியவருக்கு இவை எல்லாவற்றுக்கும் பதில் தெரியும், அதனால்தான் குறை அவர் கண்ணில் படவில்லை. இப்போது இதைப் பாருங்கள்:

"விற்பனை அறிக்கையில் 3-ஆம் அட்டவணையின் மார்ச் மாத எண்களை மட்டும் திருத்தி, 14-ஆம் தேதி வியாழன் மாலை 4 மணிக்குள் அனுப்புங்க. 5 மணிக்கு அதை வச்சுத்தான் வாடிக்கையாளர்கிட்ட பேசணும். வரைபடங்களை இப்போ தொட வேண்டாம்."

நடு வாக்கியத்தை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். காரணம் தெரிந்தால், எண்களில் பாதிதான் கிடைத்தது என்றாலும் அவர் 4 மணிக்கு அந்தப் பாதியையாவது அனுப்புவார். தெரியாவிட்டால் முழுதும் கிடைக்கட்டும் என்று மறுநாள் வரை வைத்திருப்பார்.

கிரைஸின் நெறிகளில் இன்னொரு பாதி உண்டு, பலர் கவனிப்பதில்லை. நெறி மீறப்பட்டால் கேட்பவர் அதிலும் பொருள் தேடுவார். வேலைக்கு விண்ணப்பித்தவரைப் பற்றிய பரிந்துரைக் கடிதத்தில் மொழித் திறனையும் ஒழுங்காக வகுப்புக்கு வந்ததையும் மட்டும் பாராட்டினால், ஆள் தேறமாட்டார் என்று படிப்பவர் புரிந்துகொள்வார். கிரைஸ் காட்டிய உதாரணம்தான் இது. ஒருவருடைய அறிக்கையில் வடிவமைப்பை மட்டும் புகழ்ந்தால், உள்ளடக்கம் சரியில்லை என்று நீங்கள் சொல்லாமலே சொல்லியாகிவிட்டது. அப்படி நினைக்கவில்லை என்றால் உள்ளடக்கத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

தொனி வேறு கதை. 2005-இல் ஜஸ்டின் குரூகரும் நிக்கோலஸ் எப்லியும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், மெயிலில் எழுதிய வாக்கியம் கேலியா உண்மையா என்பதை 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது 56. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வரும். குரலில் சொன்னபோது 73-ஐத் தொட்டது. ஆக, எழுத்தில் கிண்டல் வேண்டாம். நெருங்கியவரிடம்கூட யோசித்துச் செய்யுங்கள். சூடான விஷயத்தை அனுப்புமுன் அதை எரிச்சலான குரலில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பொருந்துகிறது என்றால், படிப்பவர் அந்தக் குரலில் படிக்கவும் வாய்ப்பிருக்கிறது.

எதை எதில் சொல்வது

ரிச்சர்ட் டாஃப்ட், ராபர்ட் லெங்கல் இருவரும் 1980-களில் ஊடகங்களை வளத்தின்படி வரிசைப்படுத்தினார்கள்: நேர்ப்பேச்சு மேலே, பிறகு தொலைபேசி, தனிப்பட்ட கடிதம், பொதுச் சுற்றறிக்கை. முகம், குரல், உடனடி மறுமொழி எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு வளம். வளம் கூடியது எப்போதும் நல்லது என்று இதைப் படித்துவிடுவதுதான் வழக்கமான தவறு. தகவல் குறைவாக இருப்பது ஒரு சிக்கல்; ஒரே தகவலுக்குப் பல பொருள் இருப்பது வேறொரு சிக்கல். முதலாவதற்கு எழுத்தே போதும், சொல்லப்போனால் எழுத்துதான் சிறந்தது. இரண்டாவதற்குத்தான் பேச்சு வேண்டும். அலன் டென்னிஸ், ஜோசப் வலாசிச் முதலானோர் 2008-இல் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள்: தகவலைக் கடத்துவதும், அதன் பொருளில் ஒன்றுபடுவதும் தனித்தனி வேலைகள். கடத்த, படித்து யோசிக்க நேரம் தரும் ஊடகம். ஒன்றுபட, அந்தக் கணமே பேசிக்கொள்ளும் ஊடகம்.

நடைமுறையில் ஒரே காரியத்துக்கு இரண்டும் தேவைப்படும். எனவே முதலில் எழுதி அனுப்புங்கள், ஒரு நாள் படிக்க விடுங்கள், அரை மணி நேரம் பேசுங்கள், முடிவை அன்றைக்கே ஐந்து வரியில் எழுதி அனுப்புங்கள். மீட்டிங்கில் உட்கார்ந்து அட்டவணையை வாசித்துக் காட்டுவது கடத்தும் வேலையைத் தவறான இடத்தில் செய்வது. மெயிலில் இரண்டு சுற்றுப் போயும் இருவரும் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தால் மூன்றாவது மெயில் எழுதாமல் போனை எடுங்கள். வருத்தப்பட வைக்கும் செய்தியை முதலில் வாயால் சொல்லிவிட்டு, விவரத்தை எழுத்தில் கொடுங்கள்.

வாய்ஸ் நோட் பற்றி ஒன்று. அதில் தொனி இருக்கிறது, சரி. ஆனால் மேலோட்டமாகப் பார்க்க முடியாது, முகவரியையும் எண்ணையும் மறுபடி கேட்டுத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று நிமிட வாய்ஸ் நோட் அனுப்புபவரின் நேரத்தை மிச்சம் பிடித்துப் பெறுபவரின் கணக்கில் எழுதுகிறது.

பயிற்சி வகுப்புகளில் "சொல் 7 சதவீதம், குரல் 38, உடல்மொழி 55" என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. ஆல்பர்ட் மெஹ்ராபியனின் 1967 சோதனைகளிலிருந்து வந்தது அது. ஒருவர் நம்மை விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்பதில் சொல்லும் குரலும் முகமும் முரண்படும்போது எதை நம்புகிறோம் என்பதற்கான கணக்கு. மற்ற பேச்சுக்கெல்லாம் அதைப் பொருத்த முடியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஸ்லைடு வந்தால் டீ குடிக்கப் போய்விடலாம்.

மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும்

பால் வாட்ஸ்லாவிக்கும் உடன் எழுதியவர்களும் 1967-இல் சொன்னது: ஒவ்வொரு செய்தியிலும் விஷயமும் உண்டு, நமக்குள் என்ன உறவு என்ற குறிப்பும் உண்டு. எதுவும் சொல்லாமல் இருப்பதும் செய்திதான். இரண்டு நாள் பதில் போடாமல் இருந்தால் அவர் அதற்கு ஒரு பொருள் வைத்துக்கொள்வார், பெரும்பாலும் மோசமான பொருள். "வந்தது, புதன்கிழமை பதில் தருகிறேன்" என்ற ஒரு வரி அதைத் தடுக்கும். "அவர் தாமதிப்பதால் நான் துருவிக் கேட்கிறேன்", "அவர் துருவுவதால் எனக்கு வேலை ஓடவில்லை" என்று இருவரும் சொல்லும் வட்டத்தையும் அவர்கள் விவரித்திருக்கிறார்கள். யார் தொடங்கினார் என்று விசாரித்தால் முடிவே வராது. திங்களும் வியாழனும் காலை 10 மணிக்கு நிலவரம் தருவது, நடுவில் கேட்பதில்லை என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டால் வட்டம் அறுந்துவிடும்.

கெட்ட செய்தியைச் சொல்ல மனிதர்கள் தயங்குகிறார்கள் என்பதை சிட்னி ரோசனும் ஏபிரஹாம் டெசரும் 1970-இல் சோதனையில் காட்டினார்கள். இதனோடு பெனலோப் பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் இருவரின் மரியாதைக் கோட்பாட்டைச் சேருங்கள்: இடைவெளி, அதிகார வேறுபாடு, கேட்கும் காரியத்தின் கனம் ஆகிய மூன்றும் கூடக்கூடப் பேச்சு சுற்றி வளைக்கும். "கட்டாயம் தவறும்" என்பது ஒரு படி ஏறியதும் "கொஞ்சம் சிரமம்" ஆகி, இன்னொரு படி ஏறியதும் "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" ஆகிவிடும்.

மேலே இருப்பவர் செய்ய வேண்டியது, கேள்வியை மாற்றுவது. "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்றால் "இல்லைங்க" என்றுதான் வரும். "இதில் முதலில் எது சொதப்பும்?" என்று கேளுங்கள்; பிரச்சினை இருப்பதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டதால் சொல்பவர் மீது பழி இல்லை. கருத்துக் கேட்கும் மீட்டிங்கில் தலைவர் கடைசியாகப் பேச வேண்டும், அதற்குமுன் எல்லாரும் மூன்று நிமிடம் தனித்தனியே எழுதிவிட வேண்டும். தன் கருத்துக்கு ஆதரவு இல்லை என்று தோன்றினால் ஆட்கள் வாயை மூடிக்கொள்வார்கள். எலிசபெத் நோயல்-நியூமன் 1974-இல் பொதுக்கருத்தைப் பற்றிச் சொன்னது பத்துப் பேர் அறைக்கும் பொருந்தும்.

கீழே இருந்து அவசரமாக மேலே சொல்ல ஒரு வார்ப்பு இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி மருத்துவமனைகளுக்கு வந்தது: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் கோரிக்கை. இரவுப் பணிச் செவிலியர் டாக்டரை அழைக்கும்போது இப்படி இருக்கும்: "டாக்டர், 12-ஆம் படுக்கை நோயாளிக்குத் திடீர்னு மூச்சுத் திணறல், ஆக்சிஜன் அளவு 86. நேத்து வயித்துல ஆபரேஷன் ஆனவர், சாயங்காலம் வரைக்கும் 97 இருந்தது. நுரையீரல்ல ரத்தக் கட்டு இருக்குமோன்னு பயமா இருக்கு. ஆக்சிஜன் வச்சாச்சு, நீங்க உடனே வந்து பார்க்கணும்." பழக்கமில்லாதவர்கள் கடைசிப் பகுதியை விழுங்கிவிடுகிறார்கள். பெரியவருக்கு நாம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். வார்ப்பில் அதற்கென்று ஒரு கட்டம் இருப்பதால், சொல்லாமல் விடுவதுதான் குறையாகத் தெரியும். அந்த ஒன்றுக்காகவே இது பயன்படுகிறது.

பண்பாடு மாறும்போது

எட்வர்ட் ஹால் 1976-இல் பிரித்துக் காட்டியதுதான் அதிகம் பயன்படுகிறது. சிலர் பேச்சில் பொருளின் பெரும்பகுதி சூழலிலும் உறவிலும் இருக்கும். சிலர் பேச்சில் சொற்களிலேயே முழுதும் இருக்கும். கீர்ட் ஹோஃப்ஸ்டெட், 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்தாய்வுகளிலிருந்து, அதிகார இடைவெளி (மேல்-கீழ் வேறுபாட்டை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பது) உள்ளிட்ட அளவுகோல்களை 1980-இல் வெளியிட்டார். அந்த எண்கள் நாடுகளின் சராசரிகள். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. "அந்த நாட்டுக்காரர், எனவே இப்படித்தான்" என்று தொடங்கினால் கோட்பாட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். இப்படி இருக்கலாமோ என்று ஓர் ஊகத்தை எடுத்துக்கொண்டு ஆளிடம் சரிபார்க்கத்தான் அது உதவும். அதே ஆள் வீட்டில் அரைச் சொல்லில் பேசி, ஒப்பந்தத்தில் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் சண்டை போடுவார்.

"வெள்ளிக்குள் முடியுமா?" என்ற கேள்வியில் "முடியாது" என்பது சிலருக்கு முகத்தில் அடிப்பது போல. எனவே "முடியும்" வரும், அதற்கு "காதில் வாங்கிக்கொண்டேன்" என்று மட்டுமே பொருள் இருக்கக்கூடும். ஆம் / இல்லை என்று பதில் சொல்ல முடியாதபடி கேளுங்கள்: "வெள்ளிக்கு முன் எந்த வேலை எந்த நாளில் முடியும்? எது தள்ளிப்போனால் வெள்ளி தவறும்?"

மௌனத்தையும் கவனியுங்கள். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வந்த ஓர் ஆய்வில், ஒருவர் கேட்டு மற்றவர் பதில் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஏறத்தாழ 0.2 வினாடி. ஒவ்வொரு மொழியின் சராசரியும் இந்தப் பொதுச் சராசரியிலிருந்து விலகியது ஏறத்தாழக் கால் வினாடிக்குள்தான். அந்தக் கால் வினாடியைத்தான் "தயங்குகிறார்", "வெட்டிப் பேசுகிறார்" என்று நாம் படிக்கிறோம். வீடியோ அழைப்பில் இணையத் தாமதமும் சேர, சற்றுப் பொறுத்துப் பேசும் பழக்கம் உள்ளவருக்குப் பேச வாய்ப்பே கிடைக்காது. கேள்வி கேட்டதும் மனதில் மூன்று எண்ணுங்கள். யாரைக் கேட்கப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே அறிவிப்பு

இங்கே சுருக்கமாகப் போகலாம். 1940 அமெரிக்கத் தேர்தலை ஒட்டி பால் லாசர்ஸ்ஃபெல்டின் குழு ஓஹியோவில் செய்த ஆய்வு, ஊடகச் செய்தி பலருக்கும் நேரடியாகப் போகாமல், அவர்கள் மதிக்கும் ஆட்கள் வழியாகப் போவதைக் காட்டியது. அறிவிப்புக்கு ஒரு நாள் முன், மற்றவர்கள் போய் "என்ன விஷயம்?" என்று கேட்கும் அந்தப் பத்துப் பதினைந்து பேரை அழைத்துச் சொல்லுங்கள். பதவிப் பட்டியலைப் பார்த்து அவர்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். யாரிடம் கேட்பீர்கள் என்று ஊழியர்களிடமே விசாரியுங்கள். கடினமான ஐந்து கேள்விகளுக்கு விடையும் அவர்கள் கையில் இருக்கட்டும். பிறகு வரைவை மூன்று பேரிடம் காட்டுங்கள். அதில் ஒருவராவது இந்த மாற்றத்தால் நஷ்டப்படுபவராக இருக்க வேண்டும். ஒரே செய்தியை ஏற்றும், பேரம் பேசியும், எதிர்த்தும் படிப்பார்கள் என்று ஸ்டூவர்ட் ஹால் 1973-இல் சொன்னதில், எதிர்த்துப் படிக்கும் கண் எழுதியவரிடம் பெரும்பாலும் இருப்பதில்லை.

இவை எதுவும் வேலை செய்யாத இடம்

எல்லாம் செய்தும் நகரவில்லை என்றால் ஒரு சோதனை. உங்கள் நிலைப்பாட்டை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் அவருடையதைச் சொல்லுங்கள். இருவரும் "ஆமாம், அதுதான்" என்று ஒப்புக்கொண்டு, அப்போதும் உடன்பாடு இல்லை என்றால் தடம், பொருள், தொனி எதிலும் பழுதில்லை. அவருக்கு வேண்டியது வேறு, உங்களுக்கு வேண்டியது வேறு. நான்காவது முறை விளக்கினால், தன்னை மட்டம் தட்டுவதாக அவர் எடுத்துக்கொள்வார். விளக்குவதை அத்தோடு நிறுத்தி, எதை விட்டுக்கொடுக்கலாம், யார் முடிவெடுக்க வேண்டும் என்ற பேச்சுக்குப் போங்கள்.